இரட்டை ஒயரும் ஒற்றைப் பெட்டியும்

கண்ணாடிக் கூடத்தின் நடுமேசையில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் மிச்சமிருந்தது. நேற்று மத்தியானம் வரை அந்த வட்டத்தின் மேல் ஒரு தொட்டி இருந்தது. தொட்டியில் ஓர் ஆர்கிட் செடி, செடியில் ஒரே ஒரு பூ.

அண்ணி குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தாள். வாலும் குனிந்தான். அவள் எதைத் தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் துப்பறியப் போன இடத்தில் ஒருவர் குனிந்தால் மற்றவரும் குனிவதுதான் மரியாதை என்பது அவன் கொள்கை.

"ஏதாவது தெரியுதா?" என்று அண்ணி கேட்டாள்.

"செடி இல்லன்னு தெரியுது அண்ணி."

"அது போதும். இவ்வளவு தெரிஞ்சா மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

வால் அவளுடைய கணவனின் தம்பி. எங்கே போனாலும் அவள் பின்னாலேயே வருவான் என்பதாலும், சும்மா இருக்கவே மாட்டான் என்பதாலும் குடும்பத்தில் அவனுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அண்ணி துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டியபோது, கேள்வி கேட்காமல் கூட வரக்கூடிய ஓர் உதவியாளரைத் தேடினாள். கேள்வி மட்டுமே கேட்கக்கூடிய கொழுந்தன்தான் கிடைத்தான்.

பண்ணைக்குச் சொந்தக்காரி மேசைக்கு மறுபுறம் நின்றிருந்தாள். எல்லோரும் அவளைப் பண்ணையம்மா என்றார்கள். ஏற்றுமதிக்கான பூக்களும் தொட்டிச் செடிகளும் வளர்க்கிற பெரிய பண்ணை அது. ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது காணாமல் போன அந்த ஒற்றைச் செடியில்தான். இரண்டு வகை ஆர்கிட்டுகளைக் கலந்து, விதையெடுத்து, முளைக்கவைத்து, முதல் பூவுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தாள். பூ மழைமேக நிறத்தில் விரிந்தது. நடுவில் மட்டும் தீக்கொழுந்து போல மஞ்சள். அப்படி ஒரு நிறம் வேறு எவரிடமும் கிடையாது. நாளை மறுநாள் மலர்க் கண்காட்சி. அங்கே அந்தச் செடிக்கென்று ஒரு மேடையே ஒதுக்கியிருந்தார்கள்.

போலீசுக்கு ஏன் போகவில்லை என்று அண்ணி கேட்டாள். பண்ணையம்மா மேசை விளிம்பைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"எல்லாரும் என் தம்பியைக் கை காட்டறாங்க. அவன் எடுக்கலன்னு நீங்க சொன்னா எனக்கு நிம்மதி. அவன்தான் எடுத்தான்னு சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா தெரியாம, சந்தேகத்தோட அவனுக்குச் சோறு போட என்னால முடியாது."

தம்பி என்று அவள் சொன்னவரைப் பண்ணையில் எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டார்கள். பண்ணையம்மாவின் கணவர் முறைப்படி மச்சான் என்று அழைக்க, அதைக் கேட்டுக் கேட்டுக் காவலாளி முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் மச்சானாகிவிட்டார். கம்ப்யூட்டர் நெட்வொர்க் போடுவது அவர் தொழில். கண்ணாடிக் கூடத்துக் கேமராக்களை மாட்டியவரும் அவர்தான்.

மச்சான் மேல் குற்றம் எப்படி வந்தது என்பதை மேனேஜர் விளக்கினார். மழமழவென்று சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் 'நான் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க' என்றுதான் ஆரம்பித்தார். அதற்கப்புறம் குறையை மட்டுமே சொன்னார்.

நேற்று சாப்பாட்டு வேளைக்குப் பிறகு கேமராப் பதிவு கொஞ்ச நேரம் நின்றுபோயிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் செடி போயிருக்கிறது. கேமராக்களின் படம் ஆபீசுக்கு வருவதற்கு ஒன்றுக்கு இரண்டாக ஒயர் போட்டிருக்கிறார் மச்சான். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும், கவலையே வேண்டாம் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னவரும் அவரே. இரண்டு ஒயரும் ஒரே நேரத்தில் தானாகச் செத்துப்போகுமா? எங்கேயும் வெட்டுப்பட்டிருக்கவும் இல்லை. ஆகவே உள் விஷயம் தெரிந்த ஆள்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து நிறுத்தியிருக்க வேண்டும். போன மாதம்தான் மச்சான் போட்டிப் பண்ணையிலும் வேலை ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதையும் மேனேஜர், மனசே இல்லாதவர் போல, மறக்காமல் சொன்னார்.

"அதோட நானே கண்ணால பார்த்தேன் மேடம். ஆபீஸ்லதான் உக்காந்திருந்தேன். மச்சான் தோள்ல பையை மாட்டிக்கிட்டுக் கண்ணாடிக் கூடத்துக்குள்ள போறது திரையில தெரிஞ்சுது."

"பதிவுதான் நின்னுபோச்சுன்னு சொன்னீங்களே" என்றாள் அண்ணி.

"பதிவுதான் நின்னுபோச்சு. திரை ஓடிக்கிட்டுதான் இருந்தது. ரெண்டு ஒயர் இருக்கில்ல."

அண்ணி தலையை ஆட்டினாள். அவள் இப்படி மெதுவாகத் தலையாட்டினால் ஒன்று அவளுக்குப் பசிக்கிறது, இல்லையென்றால் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்ததால் இது இரண்டாவதாக இருக்கும் என்று வால் முடிவு செய்தான்.

செடி காணோம் என்று தெரிந்ததும் பண்ணையம்மா செய்த முதல் காரியம், எந்த வண்டியும் வெளியே போகக்கூடாது என்று வாசல் கேட்டைப் பூட்டியது. பிறகு மேனேஜர் முன்னால் நின்று ஒவ்வொருவர் பையையும், சைக்கிளையும், லாரியையும் சோதித்திருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. கேட் பூட்டுவதற்கு முன்பே கிளம்பிப் போனவர் மச்சான் ஒருவர்தான். மற்றவர்கள் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார்கள். இன்று காலையில் நடந்தே வந்தார்கள்.

இத்தனையும் பேசி முடியும் வரை பண்ணையம்மாவின் கணவர் ஓரமாக நின்றிருந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் அவரை மாஸ்டர் என்றுதான் சொன்னார்கள். போலீஸ் கீலீஸ் வேண்டாம், நம்ம பையன் அப்படிச் செய்யமாட்டான் என்று இரண்டு முறை சொன்னார். நடுநடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் பேசி முடிப்பதற்குள் ஆளைக் காணோம்.

வெளியே வந்ததும் வால், "மாஸ்டர் முழியே சரியில்ல அண்ணி" என்றான்.

"வீட்டுக்காரிக்குப் பயப்படற முழி அது. உங்க அண்ணன்கிட்ட தினமும் பார்க்கறேனே."

மச்சான் ஆபீசுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த தொட்டி ஒன்றின் மேல் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபத்தில் முகம் வீங்கியிருந்தது. அண்ணி எடுத்தவுடனே திருட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஒயர் ஏன் இரண்டு என்று கேட்டாள். அதுவரை பேச மறுத்தவர் அந்த ஒரு கேள்வியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிலைப் பற்றிக் கேட்டால் பேசாத ஆள் உலகத்தில் எங்கே இருக்கிறார்?

கேமராக்கள் எல்லாம் மோட்டார் ரூமில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டியில் வந்து சேருகின்றன என்றார். அதற்குப் பெயர் ஸ்விட்ச்.

"விளக்கு போடற ஸ்விட்சா?" என்றான் வால்.

மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டி என்றே வைத்துக்கொள்வோம் என்றார். கேமராக்களுக்குக் கரண்ட் கொடுப்பதும் அந்தப் பெட்டிதான். அங்கிருந்து ஆபீசுக்கு இரண்டு ஒயர்கள். ஒன்றே போதாதா என்றால், இத்தனை கேமராப் படமும் ஒரே ஒயரில் முண்டியடித்துக்கொண்டு வந்தால் திக்கித் திணறும். அதனால் இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கட்டியிருக்கிறார். கயிற்றால் கட்டுவதில்லை, பெட்டிக்குள் கட்டளை கொடுத்துக் கட்டுவது. அப்படிச் செய்தால் அவை இரண்டு என்பதே பெட்டிக்குத் தெரியாது. அகலமான ஒரே ஒயர் என்று நினைத்துக்கொள்ளும். பாதிக் கேமரா இதில், பாதி அதில் என்று கூட்டத்தைப் பிரித்து அனுப்பும்.

"எலி ஒண்ணைக் கடிச்சிட்டா?" என்றாள் அண்ணி.

"எல்லாம் இன்னொண்ணுல வந்துடும். அகலம் பாதியாகும், படம் கொஞ்சம் திக்கும். ஆனா நிக்காது மேடம். அதான் அழகு."

"ரெண்டு ஒயரும் போய்ச் சேர்ற பெட்டி எத்தனை?"

"ஒண்ணு."

"அந்தப் பெட்டியே படுத்துட்டா?"

பெட்டி அவ்வளவு சுலபமாகப் படுக்காது, நல்ல பெட்டி என்றார் மச்சான். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

வாலுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "கட்டில் தூக்கற மாதிரி அண்ணி. ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினா பெரிய கட்டிலைத் தூக்கலாம். ஒருத்தன் விட்டுட்டா இன்னொருத்தன் முக்கி முனகி இழுத்துட்டுப் போவான். ஆனா கட்டில் காலே உடைஞ்சா ரெண்டு பேர் இருந்து என்ன பண்ண?"

"முதல் தடவையா உருப்படியாப் பேசியிருக்க" என்றாள் அண்ணி. பிறகு மச்சான் பக்கம் திரும்பி, எது நடந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்றால் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.

அதற்கு வேறு ஏற்பாடு என்று மச்சான் ஒப்புக்கொண்டார். இன்னொரு பெட்டி வேண்டும். அது வேறு இடத்தில், வேறு கரண்டில் இருக்க வேண்டும். சும்மா அலமாரியில் கிடந்தால் போதாது. முதல் பெட்டியை அது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராத நிமிஷத்தில் யாரும் சொல்லாமலே வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும்.

"மாத்தாள்" என்றாள் அண்ணி. "நீங்க வச்சது கூட்டாள். ரெண்டும் ஒண்ணில்ல. கூட்டாள் இருந்தா வேலை வேகமா நடக்கும். மாத்தாள் இருந்தாதான் வேலை நிக்காம நடக்கும். ஒண்ணை வச்சிட்டு இன்னொண்ணுன்னு சொல்லிட்டீங்க. உங்க வாயே உங்களை மாட்டிவிட்டிருக்கு."

மச்சான் அதை மறுக்கவில்லை. அக்காவிடம் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு ஏதோ வேகத்தில் சொல்லிவிட்டதாக முணுமுணுத்தார். வெட்டுப்படாத இரண்டு ஒயரும் எப்படி ஒரே நேரத்தில் சாகும் என்பதைத்தான் நேற்றிலிருந்து எல்லோரும் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஒரு மர்மமே இல்லை. பெட்டிக்கு வரும் கரண்டை யாராவது எடுத்துவிட்டால் போதும். அதற்குப் படிப்பும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம்.

அண்ணி நேற்றைய பதிவைக் காட்டச் சொன்னாள். லேப்டாப்பில் கண்ணாடிக் கூடம் தெரிந்தது, பூவும் தெரிந்தது. சாப்பாட்டு வேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் படம் கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது மேசை காலி.

"முந்தாநாள் இதே நேரத்தைக் காட்டுங்க."

முந்தாநாள்தான் திருட்டு நடக்கவில்லையே என்று மச்சான் சொல்லிக்கொண்டே தட்டினார். அங்கேயும் படம் கறுத்தது. வெளிச்சம் வந்தபோது பூ பத்திரமாக இருந்தது. அதற்கு முந்தின நாளும் அதே இருட்டு. அந்த வாரம் முழுவதும், மத்தியானமானால் கேமராக்கள் கண்ணை மூடித் தூங்கியிருந்தன.

"திருடன் ரொம்ப சிரத்தையான ஆளு அண்ணி" என்றான் வால். "தினமும் ஒத்திகை பார்த்திருக்கான்."

"ஒத்திகை பார்க்கறவன் இத்தனை நாள் பார்க்கமாட்டான். இது யாரோ ஒருத்தரோட வழக்கம்." அண்ணி நேரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு வேளை முடிந்திருந்தது. "வழக்கம்னா இன்னிக்கும் வரணும். மோட்டார் ரூம் எங்க இருக்கு?"

மச்சான் வழி காட்டினார். மோட்டார் ரூம் கண்ணாடிக் கூடத்தை ஒட்டி, ஜன்னல் இல்லாத சின்ன அறை. கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கு வழியாக ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் தரையில் கோடு போட்டிருந்தது. உள்ளே யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வால் அண்ணிக்குப் பின்னால் நகர்ந்தான். ஆபத்தான நேரங்களில் பின்பக்கத்தைக் காவல் காப்பது தன் பொறுப்பு என்று பிறகு விளக்கினான்.

அண்ணி கதவைத் தள்ளினாள்.

கவிழ்த்த வாளியின் மேல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில், செடிகளுக்கென்று விற்கிற ஊதா விளக்கு ஒன்று எரிந்தது. விளக்குக்குக் கீழே ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளரில் பாசியும், பாசியில் நகம் அளவு இரண்டு இலைகளும். அவர் செய்தித்தாளை மடித்து, அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே மெதுவாக விசிறிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் விசிறல் நின்றது.

மேலே அலமாரியில் மச்சானின் பெட்டி இருந்தது. அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதன் ப்ளக் பிடுங்கப்பட்டு அந்தரத்தில் தொங்கியது. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு சாக்கெட். அதில் ஊதா விளக்கின் ப்ளக் இருந்தது.

"மாமா" என்றார் மச்சான்.

"ஐயா, அந்தப் பெட்டி எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அண்ணி பொறுமையாகக் கேட்டாள்.

"அதுவா? காலிங்பெல் சமாச்சாரம் ஏதோன்னு நினைச்சேன். பச்சையா மினுக்கிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் எடுத்துட்டு, போகும்போது சரியா மாட்டிட்டுத்தான் போவேன்."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் என்ன செய்தோம் என்று புரிந்தபோது மாஸ்டரின் முகம் வெளுத்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பூ விரிந்த சமயத்தில் அந்தச் செடியின் பக்கத்தில் ஒரு குட்டிக் கன்று விட்டிருக்கிறது. கண்காட்சிக்குப் போகிற செடி, சத்து முழுவதும் பூவுக்கே போக வேண்டும் என்று பண்ணையம்மா அதைக் கிள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். இவ்வளவு சின்னது பிழைக்காது என்றும் சொன்னாள். அவள் போன பிறகு இவர் அதைக் கூடையிலிருந்து எடுத்திருக்கிறார். அவள் கண்ணில் படாத அறை இது ஒன்றுதான். சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணயர்கிற நேரத்தில் வந்து, வெளிச்சம் காட்டி, காற்று கொடுத்துவிட்டுப் போவார்.

எதற்கு இத்தனை பாடு என்று வால் கேட்டான். கேலியாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது கேலி குறைந்திருந்தது.

"எங்க யார்டுல எப்பவும் ஒரு இன்ஜின் சும்மா நிக்கும் தம்பி. கரி தின்னுட்டு வேலை இல்லாம நிக்குதேன்னு பார்க்கறவங்க சிரிப்பாங்க. ஓடற இன்ஜின் வழியில நின்னுபோன அன்னிக்குத்தான் அதோட அருமை தெரியும். இவ உயிரையே ஒரு தொட்டிக்குள்ள வச்சிருந்தா. எனக்குப் பயமா இருந்தது."

பக்கக் கன்று என்றால் அதே செடிதானா, அதே பூதான் பூக்குமா என்று அண்ணி கேட்டாள். அச்சு அசலாக அதுவேதான், ஆனால் பூக்கச் சில வருஷமாகும் என்றார் மாஸ்டர்.

"பெட்டியோட ப்ளக்கை இப்ப மாட்டாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

ஆபீசுக்கு நடக்கும்போது வால் கணக்கை முடித்துவிட்டான். இருட்டுக்குக் காரணம் மாஸ்டர். மாஸ்டர் திருடர் இல்லை. ஆகவே திருட்டும் இருட்டும் தற்செயலாக ஒன்றாக வந்திருக்கின்றன, கேஸ் மறுபடி ஆரம்பத்துக்கே போய்விட்டது என்றான்.

"பாதி சரி" என்றாள் அண்ணி. "கேமராவை அணைக்க யாரால முடியும்னு எல்லாரும் தேடறாங்க. அணைச்சது யாருன்னு தெரிஞ்சாச்சு. இனிமே கேள்வி அது இல்ல. கேமரா அணைஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதுதான் கேள்வி."

மச்சானும் பின்னாலேயே வந்தார். போகிற வழியில் பண்ணையம்மாவையும் கூட்டிக்கொண்டார்கள்.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ கடிதத்தை மும்முரமாக டைப் செய்துகொண்டிருந்தார். அவர் எதிரே சுவரில் கேமராத் திரை. அது கன்னங்கரேலென்று இருந்தது. அண்ணி அதைப் பார்க்காதவள் போல அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். நேற்று இதே நேரத்தில் மச்சானைத் திரையில் பார்த்ததாகச் சொன்னீர்களே, இன்றைக்கு யார் தெரிகிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

மேனேஜர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். இன்றைக்குத் திரையும் போய்விட்டது போலிருக்கிறது என்றார்.

"நேத்து மட்டும் எப்படி இருந்தது?"

"நேத்து பதிவு மட்டும்தான் போச்சு மேடம். ரெண்டு ஒயர்ல ஒண்ணு பதிவுக்கு. இன்னொண்ணு திரைக்கு."

அண்ணி மச்சானைப் பார்த்தாள். அவர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் கொடுக்க அது என்ன வாடகை வீடா சார்? ரெண்டும் சேர்ந்து ஒரே ஒயர். ரெண்டும் ஒரே பெட்டியில இருந்துதான் வருது. பெட்டி அணைஞ்சா கேமராவே கிடையாது. பதிவும் இல்ல, திரையும் இல்ல. நேத்து நீங்க பார்த்தது இந்தக் கறுப்பைத்தான்."

இதற்குள் வால் பதிவுக் கருவியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். படம் நின்றால் இது கத்த வேண்டாமா என்று அவன் கேட்க, கண்டிப்பாகக் கத்த வேண்டும் என்றார் மச்சான். வால் கருவியின் பின்பக்கத்தைக் காட்டினான். சத்தம் வருகிற துளையின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, காயத்துக்குப் போடுவது போல நிதானமாக ஒட்டப்பட்டிருந்தது.

"தினமும் மத்தியானம் இது கண் மூடினதை நீங்க பார்த்திருக்கீங்க" என்றாள் அண்ணி. "கத்தினதையும் கேட்டிருக்கீங்க. ஆனா யார்கிட்டயும் சொல்லல. எதுக்கெடுத்தாலும் குறை சொல்ற மனுஷன், இந்த ஒரு குறையை மட்டும் மறைச்சு வச்சிருக்கீங்க."

மேனேஜர் வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தார். பாதியில் நின்றுபோனார்.

அப்போது வாலுக்கு ஒன்று தோன்றியது. "நேத்து எல்லாரோட வண்டியையும் நீங்கதானே சார் தேடினீங்க. உங்க வண்டியை யார் தேடினது?"

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வால் ஒரு வாரம் வீட்டில் எல்லோருக்கும் அதை நடித்துக் காட்டினான்.

மேனேஜரின் கார் தகரச் சுவரை ஒட்டி, நிழலே இல்லாத இடத்தில் நின்றிருந்தது. சாவியை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே எல்லாம் வெளியே வந்துவிட்டது. போட்டிப் பண்ணையில் பெரிய பதவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். செடியோடு வந்தால்தான் பதவி. திரை தினமும் இருட்டாவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு அந்தத் தைரியமே வந்திருக்கிறது. நேற்று மாலை காரோடு போய்விடலாம் என்று நினைத்தார். அதற்குள் கேட் பூட்டப்பட்டுவிட்டது. இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றும், இன்று காலையிலிருந்து ஒரு முறையாவது அந்தக் கதவைத் திறந்து காற்று காட்டிவிட வேண்டும் என்று துடித்ததாகவும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று போகவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் உண்மையாகவே அழுதார்.

காரின் பின்கதவைத் திறந்தபோது அடுப்பைத் திறந்தது போல ஓர் அனல் முகத்தில் அடித்தது. கோணிக்குக் கீழே தொட்டி இருந்தது. இலைகள் வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்தன. பூ, நனைந்து காய்ந்த காகிதம் போலப் பழுப்பாகிச் சுருண்டிருந்தது. மஞ்சள் எங்கே இருந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

பண்ணையம்மா தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்தாள். தண்டை அடியில் தொட்டுப் பார்த்தாள். அது விரலோடு கழன்று வந்தது. அவள் அழவில்லை. போலீசைக் கூப்பிடச் சொல்லி காவலாளியிடம் சொன்னாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, சாப்பிட்டியா என்று கேட்டாள். மச்சான் இல்லை என்று தலையாட்டினார். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. நேற்றிலிருந்து வீங்கியிருந்த மச்சானின் முகம் அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோனது. அவர் அங்கிருந்து விறுவிறுவென்று ஆபீஸ் பக்கம் நடந்தார். இன்னொரு பெட்டி கடையில் இருக்கிறது, கொண்டுவருகிறேன், அதற்கு வேறு லைனில் கரண்ட் இழுக்க வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார்.

மாஸ்டர் அப்போதுதான் மோட்டார் ரூம் பக்கமிருந்து வந்தார். டம்ளரை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். தரையில் கிடந்த தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். டம்ளரை ஒளிப்பதா, காட்டுவதா என்று தெரியாமல் நின்ற அவரைப் பார்த்து வாலுக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

பண்ணையம்மா டம்ளரைப் பார்த்தாள். அந்த இரண்டு இலைகளை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை.

"நான் கிள்ளிப் போட்டதுதானே இது?"

மாஸ்டர் தலையாட்டினார். விளக்கு, சாக்கெட், கேமரா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அவள் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. டம்ளரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள். பாசியினூடே வெள்ளையாக ஒரு வேர், நூல் கனத்தில், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் விரலைப் பாசிக்குள் விட்டுப் பார்த்தாள்.

"ஈரம் அதிகம். இப்படி ஊத்தினா வேர் அழுகிடும்."

"நாளையிலேருந்து குறைச்சுக்கறேன்" என்றார் மாஸ்டர்.

"நீங்க ஊத்தவே வேணாம். தண்ணியை நான் பார்த்துக்கறேன்." அவள் குரல் அங்கே கொஞ்சம் பிசகியது. "நீங்க விசிறுங்க, போதும்."